ஒரு ராத்திரி ஜாகை

திண்டுக்கல் பக்கத்துச் சித்தையன்கோட்டையிலிருந்து சென்னப்பட்டணத்துக்குப் பிரயாணம் புறப்படுகிற எவரிடமும் எங்கள் ஊரார் முதலில் கேட்கும் கேள்வி "எந்த வண்டி?" என்பதும், அடுத்துக் கேட்கும் கேள்வி "எப்பத் திரும்புறீங்க?" என்பதுமாகவே இருக்கும்; "எங்க தங்குறீங்க?" என்ற மூன்றாவது கேள்வியை யாரேனும் ஒரு பெரியவர் கேட்டுவிட்டாலும், "எழும்பூர்ல எறங்கினா எதுத்தாப்லயே லாட்ஜு வரிசையா இருக்கு, அங்க போயிப் பாத்துக்கலாம்" என்ற பதிலோடு அந்த சம்பாஷணை முடிந்துபோகும். வயலுக்கு எந்த நாளில், எந்த மடை வழியாகத் தண்ணீர் வரும் என்பதை மாதக் கணக்கில் முன்னதாகவே யோசித்து வைக்கிற குடகனாற்றுப் பாசனத்து ஜனங்கள், பெருநகரத்தில் தங்கும் அந்த ஓர் இரவை மட்டும் ஏன் இவ்வளவு அசட்டையாக விட்டுவிடுகிறார்கள் என்று நான் பல சந்தர்ப்பங்களில் வியந்திருக்கிறேன். அந்த அசட்டையால் நானே ஒருமுறை ஒரு வயோதிக அம்மாளைச் சிரமத்துக்கு உள்ளாக்கியிருக்கிறேன் என்பதனாலேயே இந்த விஷயத்தை விரிவாக எழுதத் துணிந்தேன்.

எழுபது வயதைக் கடந்த என் பெரியம்மாவை, வெளிநாட்டில் குடியிருக்கும் மகனிடம் அனுப்பிவைப்பதற்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். செம்பட்டி வந்து, திண்டுக்கல் போய், பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, மறுநாள் விடிவதற்கு முன்பே எழும்பூரில் இறங்கினோம். விமானமோ அன்று பின்னிரவில். மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதால் இரவு 11 மணிக்கு அறையை விட்டுக் கிளம்பினால் போதும் என்று கணக்கிட்டேன். எதிரே இருந்த தெருவில் முதலில் கண்ணில் பட்ட விடுதியில் ரூம் எடுத்தபோது மணி ஐந்தரை. பெரியம்மா ஸ்நானம் செய்து, இட்லி சாப்பிட்டு, ரயிலில் இழந்த தூக்கத்தை மீட்டுக்கொள்ளக் கண் அயர்ந்த சமயம் கதவு தட்டப்பட்டது. "சார், செக்-அவுட் பன்னிரண்டு மணி, கண்டினியூ பண்றீங்கன்னா இன்னொரு நாள் வாடகை கட்டணும்" என்று ரூம் பாய் வந்து நின்றான். விடியற்காலை ஐந்தரையிலிருந்து இரவு பதினொன்று வரை கூட்டினால் பதினேழரை மணி நேரம்; ஒரு நாளுக்குக்கூட நிறைவு பெறாத அந்தப் பொழுதுக்கு இரண்டு நாள் வாடகை கட்டினேன். பணம் போனதைக் காட்டிலும், "என்னாலதானே ஒனக்கு இம்புட்டுச் செலவு, ஸ்டேஷன்லயே படுத்திருந்திருப்பனே" என்று அந்த அம்மாள் ஊருக்கு விடை சொல்லும் நாளில் குற்ற உணர்வோடு உட்கார்ந்திருந்ததே என்னை வெகுவாக வாட்டியது.

விடுதிக்காரர்மேல் நான் குறை சொல்ல மாட்டேன். நகர விடுதிகளில் வாடகை நாளைக் கணக்கிடும் முறைகள் இரண்டு உண்டு. ஒன்று, நாம் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொள்வது. மற்றொன்று, நாம் எப்போது நுழைந்திருந்தாலும் பகல் 12 மணியோடு (சில இடங்களில் 11 மணியோடு) ஒரு நாள் தீர்ந்துவிட்டதாகக் கொள்வது. இரண்டாவது முறைக்கும் நியாயமான காரணம் உண்டு: எல்லா அறைகளும் ஒரே சமயத்தில் காலியானால்தான் விரிப்புகளை மொத்தமாக வெளுக்கப் போடவும், துப்புரவுப் பணியாளர்களை ஒரு வேளைக்கு வரவழைத்து எல்லா அறைகளையும் கழுவித் துடைக்கவும், பிற்பகலில் வருகிறவருக்குச் சுத்தமான அறை தருவதாக வாக்குக் கொடுக்கவும் இயலும். முதல் முறையோ ரயிலையும் பஸ்ஸையும் நம்பிப் பிழைக்கிற விடுதிகளில், வண்டிகள் வேளை கெட்ட வேளையில் வந்து சேர்வதையொட்டி நிலைபெற்ற வழக்கம் என்றே நான் கருதுகிறேன். ஆகவே இதில் எந்த முறை உயர்ந்தது என்று வாதிப்பதில் பயனில்லை. நாம் ஏறிவரும் வண்டிக்கு எந்த முறை பொருந்தும் என்பதே கேள்வி. காலை ஆகாரத்துக்குரிய பொழுதில் திண்டுக்கல்லில் வைகை எக்ஸ்பிரஸைப் பிடித்தால் பிற்பகல் 2 மணியை ஒட்டி எழும்பூரில் இறங்கலாம். 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி வந்தே பாரத் வண்டியும் திண்டுக்கல்லில் நின்று, ஏறக்குறைய அதே வேளையில்தான் எழும்பூரை அடைகிறது. அந்த வண்டிகளில் வருபவருக்குப் பன்னிரண்டு மணி விதி எந்த நஷ்டத்தையும் செய்யாது. இரவு வண்டியில் வந்து விடியலில் இறங்குபவருக்கோ அந்த விதி ஆறு மணி நேரத்தில் ஒரு நாள் வாடகையை விழுங்கிவிடும். டிக்கெட் எடுக்கும்போதே அறையின் விலையும் பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பதை அன்றைக்கு நான் அறிந்திருக்கவில்லை.

இதே சங்கடம் நம் ஊர்ப்பக்கம் வருகிறவர்களுக்கும் நேருகிறது. சென்னையில் இரவு ரயிலேறிக் கொடைக்கானல் போகிற குடும்பங்கள் திண்டுக்கல் சந்திப்பிலோ, அம்மையநாயக்கனூரில் உள்ள கொடைக்கானல் ரோடு நிலையத்திலோ மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகின்றன. முகம் கழுவி இரண்டு மணி நேரம் சாய்ந்து எழ ஓர் இடம் தேடும் அவர்களிடம் முழுநாள் வாடகை கேட்கப்படும்போது, பலரும் பிளாட்பாரத்துப் பெஞ்சியிலேயே விடியலுக்குக் காத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

நேரத்துக்கு அடுத்தது இடம். எழும்பூர் நிலையம் 1908ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது முதல் தெற்கத்தி ஜனங்களுக்குப் பட்டணத்தின் தலைவாசலாக விளங்கிவந்திருக்கிறபடியால், அதற்கு எதிரே கென்னட் சந்திலும் காந்தி-இர்வின் சாலையிலும் விடுதிகள் நெருங்கி வளர்ந்தன. எழும்பூரில் தங்குவதே நம் ஜனங்களுக்குப் பழக்கமாகியும் விட்டது. அந்தப் பழக்கத்தை இப்போது மறுபரிசீலனை செய்தாக வேண்டிய அவசியம் வந்திருக்கிறது. கோயம்பேட்டில் வந்து நின்ற தெற்கத்திப் பேருந்துகள், 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பின்னர் நகரத்தின் விளிம்பிலேயே நின்றுவிடுகின்றன. செம்பட்டி வழியாகவோ திண்டுக்கல் வழியாகவோ இரவுப் பஸ்ஸில் புறப்பட்டு, விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, விமானம் ஏறுவதற்காகவே வந்திருக்கும் ஒருவர், எழும்பூரை நோக்கி முப்பது கிலோமீட்டர் உள்ளே சென்று தங்கி, மறுபடியும் மீனம்பாக்கத்துக்குத் திரும்பி வருவது, சின்னாளபட்டிக்குப் போக வேண்டியவர் மதுரைக்குப் போய்த் திரும்புவதற்கு ஒப்பாகும். அவருக்குத் தாம்பரமும் பல்லாவரமுமே உகந்த இடங்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் மின்சார ரயில் நிலையம் இருக்கிறது. மெட்ரோ ரயிலும் 2016 முதல் விமான நிலையம் வரை ஓடுகிறது. எழும்பூரிலிருந்து ஆலந்தூரில் மாறிச் சௌகரியமாகப் போகலாம். ஆயினும் மெட்ரோ இரவு 11 மணியை ஒட்டி ஓய்ந்து, விடியற்காலையில்தான் மறுபடி புறப்படும் என்பதையும், வெளிநாட்டு விமானங்கள் பல அந்த இடைவேளையில் கிளம்புகின்றன என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் மூட்டை முடிச்சுகளோடு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கடந்து செல்லும் கவலையைவிட, விமான நிலையத்துக்கு அருகில் சற்றே கூடுதல் வாடகை கொடுப்பது பல சமயங்களில் மேலானது. துணைத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்குப் போகிறவருக்கும், தலைமைச் செயலகத்தில் காரியம் உள்ளவருக்கும் இந்தக் கணக்கு முற்றிலும் வேறாகும். அவர்களுக்கு எழும்பூரும் திருவல்லிக்கேணியும் இன்றைக்கும் பொருந்திய இடங்களே.

நடுத்தரமான விடுதி என்று நாம் சொல்வது எதை? எங்கள் பக்கத்தில் "ஓட்டல்" என்றால் சாப்பிடும் இடம். தங்குமிடத்துக்கு "லாட்ஜ்" என்றே பெயர். சாப்பாடும் படுக்கையும் சேர்ந்திருந்தால் "போர்டிங் அண்டு லாட்ஜிங்" என்று பலகையில் எழுதினார்கள். இவற்றுக்கெல்லாம் முன்பு இருந்தவை சத்திரங்கள். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த தர்மத்துக்கு அடையாளமாக, அவர் பெயரைத் தாங்கிய சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றளவும் நிற்கிறது. சத்திரத்தில் தங்கியவன் அதிதி. அவன் வசதியை எடைபோடவில்லை, நிழலுக்கு நன்றி செலுத்தினான். விலை கொடுத்துத் தங்கும் வழக்கம் வந்தபின்பு, ஏழைக்கு எட்டாத பெரிய ஓட்டல்களுக்கும் மானமுள்ள குடும்பஸ்தன் மனைவி மக்களோடு கால் வைக்கக் கூசும் மலிவு அறைகளுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருந்தது. உடுப்பியிலிருந்து வந்த கே. கிருஷ்ணராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸையும், 1952இல் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் நியூ உட்லண்ட்ஸையும் தொடங்கியபோது அந்த வெற்றிடத்தையே நிரப்பினார். சுத்தமான அறை, மடியான சைவ ஆகாரம், குடும்பத்தோடு தங்கத்தக்க கண்ணியம் ஆகிய மூன்றையும் மத்தியதர வர்க்கத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் தர முடியும் என்பதை அவரும், தாஸப்பிரகாஷ் விடுதியை நடத்திய சீதாராமராவும் பிரத்தியட்சமாகக் காட்டினார்கள். இன்று "ரெசிடென்சி" என்றும் "இன்" என்றும் "கிராண்ட்" என்றும் பெயர் தாங்கி வரும் நடுத்தர விடுதிகள் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. பெயரைக் கண்டு தரத்தை ஊகித்துக்கொள்வது ஆபத்து. நட்சத்திரம் என்பது மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் விண்ணப்பத்தின் பேரில் பரிசோதித்து அளிக்கும் வகைப்பாடு. விடுதிக்காரர் விரும்பினாலன்றி அதைப் பெறக் கட்டாயமில்லை. ஆதலால் நட்சத்திரமில்லாத நல்ல விடுதிகளும் உண்டு. விளம்பரத்தில் தாமாகவே நட்சத்திரம் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் 12 சதவிகிதமாக இருந்தது. அந்த எல்லையைத் தாண்டினால் 18 சதவிகிதம். சொன்ன வாடகை வரியும் உட்பட்டதா, வரி தனியா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நலம். சாப்பாட்டுப் பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று தானாகவே சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி வகுத்தது. அதை 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரை எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. நம் கைரேகையோடு பிணைந்த எண்ணைக் கண்ட மேஜைகளில் விட்டுவருவானேன்?

இனி அறைக்குள் வருவோம். ஓர் இரவுக்கு மட்டும் தங்குகிறவருக்கு நீச்சல் குளமும், விசாலமான வரவேற்பு மண்டபமும், சுவரை நிறைக்கும் தொலைக்காட்சியும் என்ன உபகாரம் செய்யப்போகின்றன? அவர் விலை கொடுத்து வாங்குவது ஆறு மணி நேரத் தூக்கம், ஒரு வாளி வெந்நீர், தாழ் நன்றாக விழும் கதவு ஆகிய மூன்றையே. தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சப்தம். பெருஞ்சாலையைப் பார்த்த அறையில் பஸ்களின் ஹாரனும், கீழே மதுக்கூடம் இருந்தால் நள்ளிரவு வரை எழும் கூச்சலும், லிஃப்டை ஒட்டிய அறையில் அதன் கதவு மூடித் திறக்கும் ஓசையும் உறங்கவிடா. "பின்பக்கத்து ரூம், ரோட்டைப் பாக்காத ரூம் குடுங்க" என்று கேட்கக் கூச்சப்படவே கூடாது. வெந்நீர் நாள் முழுவதும் வருமா, அல்லது காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மட்டுமா என்பதும் கேட்டறிய வேண்டியது. நான்கு மணிக்குக் கிளம்புகிறவருக்கு ஆறு மணி வெந்நீரால் பயனில்லை. சென்னையின் தண்ணீரைப் பற்றி நம் ஊராருக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது: ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துத் தண்ணீரின் ருசிக்குப் பழகிய நாவுக்கு அங்குள்ள ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் சகிக்காது; 2019 கோடையில் நகரத்தின் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீரையே விடுதிகள் நம்பியிருந்த நாட்களை மறப்பதற்கில்லை. முதியவர் உடன் வந்தால் லிஃப்ட் உண்டா, கழிவறை மேல்நாட்டு முறையில் உள்ளதா, குளியலறைத் தரை வழுக்குமா என்பவையெல்லாம் கட்டிலின் அழகைவிட முதன்மையானவை.

கதவைப் பற்றிச் சொன்னேன். படிக்கட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019 பிப்ரவரி 12ஆம் தேதி விடியற்காலையில் டில்லி கரோல் பாகில் ஒரு நடுத்தர விடுதியில் தீப்பற்றி 17 பேர் மாண்டார்கள். நம்மைப் போலவே ஒரு காரியமாக வந்து, ஒன்றிரண்டு இரவுகள் தங்கியிருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், எந்த விடுதிக்குப் போனாலும் பெட்டியை வைத்த கையோடு வெளியே வந்து, மாற்றுப் படிக்கட்டு எங்கே இருக்கிறது, அதன் கதவு பூட்டியிருக்கிறதா, ஜன்னல் திறக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுகிறேன். ஜன்னலே இல்லாத அறையை எவ்வளவு வாடகை குறைத்தாலும் ஏற்பதில்லை.

தனியாகப் பிரயாணம் செய்யும் பெண்கள் படும் பாடு வேறு. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கோ, படிப்புக் காரியமாகவோ வரும் பெண்ணை, "கூட யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டு ஏற இறங்கப் பார்க்கும் மேஜைகள் இன்னும் இருக்கின்றன. தன் பணத்தில், தன் அடையாளச் சான்றுடன் வந்து நிற்கும் ஒரு பிரஜையிடம் கேட்கத் தகாத கேள்வி அது. புறப்படும் முன்பே தொலைபேசியில் பேசி, எதிர்முனைக் குரலில் மரியாதை இருக்கிறதா என்று அறிந்துகொள்ளும்படி எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன். முன்பதிவுச் செயலிகளில் அழகிய படங்கள் எத்தனை இருந்தாலும், அந்த இரண்டு நிமிஷப் பேச்சுக்கு அவை ஈடாவதில்லை. தங்கியவர்களின் மதிப்புரைகளிலும், "சூப்பர்" என்று எழுதியவற்றைத் தள்ளிவிட்டு, தண்ணீரையும் சப்தத்தையும் மூட்டைப்பூச்சியையும் குறிப்பிட்டு அண்மையில் எழுதியவற்றையே நான் பொருட்படுத்துகிறேன்.

சில மணி நேர ஓய்வே போதும் என்பவருக்கு ரயில்வே ஓய்வறைகள் உண்டு. உறுதிப்பட்ட டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்கூட்டியே பதியலாம். முழுநாள் வாடகை கொடுக்காமல் தேவையான மணிகளுக்கு மட்டும் எடுக்கும் முறையும் சில நிலையங்களில் இருக்கிறது. அறைகள் சொற்பமாதலால் டிக்கெட் கிடைத்த அன்றே பதிவு செய்வது உத்தமம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்காரர்கள் செம்பட்டியைத் தாண்டிச் செல்வதை ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களில் பழகிய குருசாமி எவரும் "இந்த மண்டபம் நன்றாயிருக்கிறது, இங்கே படுப்போம்" என்று சொல்வதில்லை. "விடியக்காலை எத்தனை மணிக்கு எந்திரிச்சு நடந்தா, வெயிலுக்கு முந்தி எந்த ஊரைத் தொடலாம்" என்பதை முதலில் கணக்கிட்டு, அந்தக் கணக்குக்குப் பொருந்திய இடத்தில்தான் மூட்டையை இறக்கச் சொல்வார். பட்டணத்தில் அறை தேடுவதற்கும் இதைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தென்படவில்லை. மறுநாள் போக வேண்டிய இடத்திலிருந்தும் நேரத்திலிருந்தும் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால், ஆயிரம் விடுதிகளில் பத்துதான் மிஞ்சும். அந்தப் பத்தில் தொலைபேசியில் கேட்டு ஒன்றைத் தேர்வது கடினமன்று.

இரண்டு வருஷம் கழித்துப் பெரியம்மா ஊர் திரும்பினாள். விமானம் இறங்கியது நள்ளிரவுக்குப் பின். நான் தேர்ந்தெடுத்த திண்டுக்கல் வண்டி மறுநாள் இரவில். இந்த முறை புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே நாலைந்து விடுதிகளுக்குப் பேசினேன். பல்லாவரத்தில் ஒன்றில், "எங்க கிட்ட இருபத்திநாலு மணி நேரக் கணக்குதாங்க ஐயா, நீங்க ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் மறுநாள் ராத்திரி ரெண்டு வரைக்கும் ரூம் உங்களுதுதான்" என்றார் மேனேஜர். முதல் மாடி, பின்பக்கத்து அறை; ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். இரண்டரை மணிக்குப் படுத்த பெரியம்மா காலை பத்து மணி வரை அசையாமல் தூங்கினாள். பன்னிரண்டு மணி அடித்தபோது என் காது தன்னையறியாமல் கதவின் பக்கம் போயிற்று; யாரும் தட்டவில்லை. குளித்து முடித்து, நனைந்த சேலையை ஜன்னல் கம்பியில் உதறிப் போட்டுவிட்டு, "ஏப்பா, இந்த ஊர்ல நம்ம பக்கத்துக் காப்பி எங்கயாச்சும் கெடைக்குமா?" என்று கேட்டாள். கீழே இறங்கி வாங்கி வந்தேன்.